யாரைக் கேட்டுத் திருத்தினாய்?

எழுத்துப் பிழையைத் திருத்துவது நல்ல காரியம். நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சரியாக எழுதியதை, உங்களைக் கேட்காமலே வேறொன்றாக மாற்றி, அதை உங்கள் பெயரிலேயே அடுத்தவருக்கு அனுப்பி வைத்தால் அதற்குப் பெயர் திருத்தமா? நம்ம ஊரில் அதை அதிகப்பிரசங்கித்தனம் என்போம்.

செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் குடியிருக்கும் ஆட்டோகரெக்ட் என்ற ஆசாமியைத்தான் சொல்கிறேன்.

ஆசாமி வந்தபோது நல்லவராகத்தான் வந்தார். 1990களின் தொடக்கத்தில் மைக்ரோசாஃப்ட் வேர்டில் அவருக்கு இருந்தது சின்ன வேலை. ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் 'தி' என்ற மூன்றெழுத்துச் சொல்லை அவசரத்தில் எழுத்து முன்பின்னாக அடித்துவிட்டால், சத்தமில்லாமல் சரிசெய்து விடுவார். அப்படி ஒரு தப்பான சொல்லை யாரும் வேண்டுமென்றே எழுதப்போவதில்லை. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

தனக்குத் தெரியாத சொல் எல்லாமே தப்பு என்று நினைக்க ஆரம்பித்ததுதான் வினை. பழைய ஸ்பெல் செக் அகராதி ஒன்றில் ஒத்துழைப்பைக் குறிக்கும் 'கோ-ஆபரேஷன்' நடுவில் கோடு போட்ட வடிவத்தில் மட்டுமே இருந்தது. கோடு இல்லாமல் அடித்தவர்களுக்கு அது சிபாரிசு செய்த சொல் 'குபர்ட்டினோ'. அது கலிஃபோர்னியாவில் ஒரு ஊர். ஆப்பிள் கம்பெனியின் தலைமையகம் இருக்கும் ஊர். விளைவு, ஐ.நா., நேட்டோ, ஐரோப்பிய யூனியன் ஆவணங்களில் எல்லாம் நாடுகளுக்கிடையே 'குபர்ட்டினோ' மலர்ந்தது. இந்த வகைக் கூத்துக்கே இன்று 'குபர்ட்டினோ விளைவு' என்றுதான் பெயர்.

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். அடுத்தது அப்படியல்ல.

நான் படித்தது பி.காம். எக்செல் என்றால் என்னைப் போன்றவர்களுக்குக் கணக்குப் பிள்ளை மாதிரி. ஆனால் இந்தக் கணக்குப் பிள்ளைக்கும் கை சும்மா இருக்காது. பூஜ்யத்தில் ஆரம்பிக்கும் வங்கிக் கணக்கு எண்ணை அடித்துப் பாருங்கள், முன்னால் இருக்கும் பூஜ்யத்தைத் தின்றுவிடும். 16 இலக்க கார்டு எண்ணை இடைவெளியில்லாமல் அடித்தால் கடைசி இலக்கத்தைப் பூஜ்யமாக்கிவிடும். 15 இலக்கத்துக்கு மேல் அதற்கு ஞாபகம் நிற்காது. அதை வெளியே சொல்வதும் இல்லை.

இதே எக்செல் உயிரியல் விஞ்ஞானிகளையும் ஒரு வழி பண்ணியது. மனித மரபணுக்களில் சிலவற்றின் சுருக்கப் பெயர் 'மார்ச்1', 'செப்ட்2' என்று இருந்தன. எக்செல் அவற்றைத் தேதி என்று முடிவுகட்டி மார்ச் 1 ஆகவும் செப்டம்பர் 2 ஆகவும் மாற்றியது. 2004லேயே இது பற்றி ஆய்வுக் கட்டுரை வந்து எச்சரித்தது. 2016ல் வெளியான இன்னொரு ஆய்வு, மரபணுப் பட்டியலை எக்செல் கோப்பாக இணைத்த கட்டுரைகளில் சுமார் ஐந்தில் ஒரு பங்கில் இந்தக் கோளாறு இருப்பதாகச் சொன்னது.

கடைசியில் யார் மாறினார்கள் தெரியுமா? எக்செல் இல்லை. மரபணு! பெயர் சூட்டும் சர்வதேசக் குழு 27 மரபணுக்களின் பெயரை மாற்றியதை 2020ல் உலகம் அறிந்தது. இந்த மாற்றலை நிறுத்திவைக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் தந்தது 2023ல்தான். செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டிக்கொண்ட கதை.

மரபணுவுக்கே இந்த கதி என்றால் மாரியம்மாளுக்கு?

'ஜான்' என்று ஆங்கிலத்தில் அடித்தால் கம்ப்யூட்டர் சும்மா இருக்கிறது. 'செந்தமிழ்ச்செல்வி' என்று அடித்தால் கீழே சிவப்புக் கோடு போடுகிறது. பிரிட்டனில் இந்தக் கோட்டையும் திருத்தத்தையும் அனுபவித்து அலுத்தவர்கள் 2024ல் 'நான் எழுத்துப் பிழை அல்ல' என்று இயக்கமே தொடங்கினார்கள். அகராதியைத் திருத்துங்கள், எங்களை அல்ல என்பதுதான் கோரிக்கை. ஆங்கிலேயர் அல்லாத பெயர்களோடு அயர்லாந்து, வேல்ஸ் பெயர்களும் அங்கே படாத பாடு படுகின்றன.

நமக்கு இது வெறும் கௌரவப் பிரச்னையும் இல்லை. ஆதாரிலும் பான் கார்டிலும் பெயர் ஒத்துப்போகாவிட்டால் இணைப்பு நடக்காது. அவசரமாக ஒரு படிவத்தைச் செல்போனில் நிரப்பும்போது மெஷின் ஒரு எழுத்தை மாற்றினால், அலையப்போவது மெஷினா, நீங்களா?

ஆங்கிலக் கெட்ட வார்த்தை ஒன்றை ஐபோன் ரொம்ப காலமாக 'வாத்து' சம்பந்தப்பட்ட சொல்லாக மாற்றிவந்தது. பலரும் கேலி செய்தபிறகு, 2023ல் ஆப்பிள் மேடையிலேயே ஜோக்கடித்து, இனி அப்படிச் செய்யாது என்று அறிவித்தது. ஆக, மனசு வைத்தால் முடிகிறது. வசைச் சொல்லுக்குக் கிடைத்த மரியாதை நம் பெயருக்கும் கிடைக்கக் கூடாதா?

வேகமாக அடிக்கிறவர்களுக்கு இது உதவிதானே என்பார்கள். உதவிதான். மறுக்கவில்லை. பத்திரிகை ஆபீஸில் ப்ரூஃப் பார்க்கிறவரும் உதவிதான் செய்கிறார். ஆனால் சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, "சார், இது சரிதானா?" என்று கேட்கிறார். ஒருவர் பெயரைத் தன் இஷ்டத்துக்கு மாற்றி அச்சுக்கு அனுப்புவதில்லை. மெஷினும் கேட்கட்டும். கோடு போடட்டும், யோசனை சொல்லட்டும். கையை மட்டும் வைக்க வேண்டாம். தானாகத் திருத்தும் வசதி வேண்டும் என்கிறவர் ஸ்விட்சைப் போட்டுக்கொள்ளட்டும். இப்போதோ, வேண்டாம் என்கிறவர் ஸ்விட்சைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது: ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், கீபோர்டு என்று போய் ஆட்டோ கரெக்‌ஷனை அணையுங்கள். ஆண்ட்ராய்டில் ஜிபோர்டு வைத்திருந்தால் அதன் செட்டிங்ஸில் டெக்ஸ்ட் கரெக்‌ஷன். வேர்டில் ஆப்ஷன்ஸுக்குள் ப்ரூஃபிங். எக்செலில் எண்ணை அடிக்கும் முன் அந்தக் கட்டத்தை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். முழுக்க அணைக்க மனமில்லையா? உங்கள் பெயர், வீட்டார் பெயர், ஊர்ப் பெயரையாவது போனின் சொந்த அகராதியில் சேர்த்துவையுங்கள். முக்கியமான எதையும் அனுப்பும் முன் ஒருமுறை படியுங்கள்.

தப்பாக எழுதினாலும் அது என் தப்பாக இருக்கட்டும். அடுத்தவன் தப்புக்கு நான் ஏன் கையெழுத்துப் போடணும்?