சரக்கு அவர்கள் கையில்; நஷ்டம் யார் தலையில்?

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பையும் பெல்ட்டும் செருப்பும் செய்து விற்கும் சிறு வியாபாரி இன்று கடைக்கு வரும் வாடிக்கையாளரை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. செல்போனில் ஆர்டர் வருகிறது. கொல்கத்தாவுக்கும் குவாஹாத்திக்கும் சரக்கு போகிறது. வண்டி, கிடங்கு, ஆள் எதுவும் சொந்தமாக வேண்டாம், எல்லாவற்றையும் பார்சல் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டு வியாபாரத்தைக் கவனியுங்கள் என்கிறார்கள். நல்ல யோசனைதான். நாளைக்குப் பத்துப் பார்சல் அனுப்புவதற்காக வேன் வாங்கி, டிரைவர் சம்பளம், டீசல், இன்சூரன்ஸ் என்று முதலைக் கரைப்பது புத்திசாலித்தனமல்ல.

ஆனால், கொடுத்த ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறோமே, அதன் பின்பக்கத்தை என்றைக்காவது படித்திருக்கிறோமா?

ஒரு கணக்கைப் பாருங்கள். பெட்டியில் உள்ள பைகளின் மதிப்பு 15,000 ரூபாய். லாரி வாடகை 180 ரூபாய். வழியில் பெட்டி தொலைந்துவிட்டது. எவ்வளவு கிடைக்கும்? பதினைந்தாயிரம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007-ம், அதன்கீழ் 2011-ல் வந்த விதிகளும் கம்பெனியின் பொறுப்பை வாடகையில் பத்து மடங்கு என்று வரையறுத்துள்ளன. ஆக, 1,800 ரூபாய்! அதற்கு மேல் வேண்டுமென்றால், புக்கிங் செய்யும்போதே சரக்கின் மதிப்பை எழுதிக்கொடுத்து, அதற்குரிய கூடுதல் கட்டணத்தையும் செலுத்த ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். 'தெரிந்த ஆபீஸ்தானே பாய், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்ற பேச்சுக்குக் கோர்ட்டில் மதிப்பில்லை. கட்டணத்தை மிச்சப்படுத்த மதிப்பைக் குறைத்து எழுதுகிறவர் தன் கையை வைத்தே தன் கண்ணைக் குத்திக்கொள்கிறார்.

அதே சட்டம் நமக்கும் ஆயுதம் தந்திருக்கிறது. சரக்கு தொலைந்தால் கம்பெனியின் கவனக்குறைவை நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. லாரி புக்கிங் ஆபீஸ் மட்டுமல்ல, வீடு தேடி வரும் கூரியர் கம்பெனியும் இந்தச் சட்டத்துக்குள் வருகிறது. ஆனால் வழக்குப் போடுவதற்கு முன் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். அதுவும் புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள். தொலைந்தது தெரிந்த நாளிலிருந்து அல்ல! 'தேடிக்கொண்டிருக்கிறோம், அடுத்த வாரம் சொல்கிறோம்' என்று போனில் ஆறு மாதத்தை ஓட்டிவிட்டால் நம் கதை முடிந்தது.

எடையிலும் ஒரு சங்கதி உண்டு. பெரும்பாலான கூரியர் கம்பெனிகள் தராசு காட்டும் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது பரவலான வழக்கம். 60, 40, 25 அளவுள்ள பெட்டிக்கு 12 கிலோ. உள்ளே இருப்பது நான்கு கிலோ பைகளாக இருந்தாலும் 12 கிலோவுக்குத்தான் பில். காற்றுக்கு வாடகை கட்டாமல் இருக்க அளவான அட்டைப்பெட்டி வாங்குங்கள்.

வாடிக்கையாளர் வாசலில் பணம் கொடுக்கும் ஏற்பாட்டில் இன்னும் எச்சரிக்கை தேவை. அந்தப் பணம் நம்முடையது. ஆனால் இருப்பது கம்பெனியிடம். எத்தனை நாளில் வரும், சரக்கு திரும்பினால் வாடகை ஒரு வழிக்கா, இரு வழிக்கா என்பதெல்லாம் எழுத்தில் இல்லாவிட்டால், நம் முதலை வைத்து அவர்கள் தொழில் நடத்துகிறார்கள் என்றுதான் பொருள்.

படித்த இளைஞர்களே, ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கும் ஒப்பந்தத்தை வாப்பாவுக்கும் மாமாவுக்கும் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். பெட்டியை ஒட்டுமுன் சரக்கையும் தராசையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். கடைத்தெரு வியாபாரிகள் சங்கங்களும் பந்தல் போட்டுப் பாராட்டு விழா நடத்துவதோடு நில்லாமல், இருபது கடைகளின் பார்சலை ஒன்றாகச் சேர்த்து ஒரே ரேட் பேசலாமே. தனியாகப் போனால் கவுண்டரில் நிற்க வைப்பவர்கள், நாளைக்கு இருநூறு பார்சல் என்றால் நாற்காலி போடுவார்கள்.