தானாக எந்தக் கோபுரமும் மலையேறாது

"அரசாங்கம் கையை எடுத்துக்கொண்டால் போதும். போட்டி இருந்தால் தொலைபேசிக் கம்பெனிகள் தாமாகவே விலையைக் குறைக்கும், தாமாகவே கோபுரம் கட்டும்." போன வாரம் கேமரன் மலைக் கம்போங் ராஜாவில் ஒரு கல்யாண விருந்தில் ஈப்போவிலிருந்து வந்த ஒருவர் இப்படி அடித்துப் பேசினார். சுற்றியிருந்தவர்களில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களும் ஆட்டினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

தாமாகவே குறைப்பார்களா? 2018ஐ நினைத்துப் பாருங்கள். 2010இல் டெலிகோம் மலேசியாவின் யூனிஃபை இணையச் சேவை வந்தபோது 5 மெகாபிட் வேகத்துக்கு மாதம் 149 வெள்ளி. அதற்குப்பின் எட்டு ஆண்டுகள் விளம்பரத்துக்குக் குறைவில்லை. விலைதான் தோட்டத்துச் சம்பளக்காரனின் கைக்கு எட்டவில்லை. காரணம் எளிது. வீடுவரை வரும் கண்ணாடி இழைக் கம்பியில் பெரும்பகுதி டெலிகோம் மலேசியாவுடையது. மற்றவர்கள் அதை வாடகைக்கு எடுத்துத்தான் விற்க முடியும். வாடகை உயரத்தில் இருக்கும்போது போட்டிக்காரன் எங்கே குறைப்பான்? 2018இல் தொடர்பு பல்லூடக ஆணையம் அந்த மொத்த வாடகைக்கு உச்சவரம்பு கட்டியது. ஆண்டு முடிவதற்குள் விலை 25 விழுக்காடாவது இறங்கியாக வேண்டும் என்று அப்போதைய அமைச்சர் கோபிந்த் சிங் டியோ பிடிவாதமாக நின்றார். அதே ஆண்டில் போட்டிக் கம்பெனியான மேக்சிஸ் 100 மெகாபிட்டை 129 வெள்ளிக்குக் கொடுத்தது. 100 மெகாபிட் வைத்திருந்த யூனிஃபை வாடிக்கையாளர்களுக்கு 800 மெகாபிட் வந்தது, ஒரு காசு கூடுதலாகக் கேட்காமல். அந்த வேகம் அதுவரை எங்கே இருந்தது? கம்பிக்குள்தான் இருந்தது. திறந்துவிட மனம்தான் இல்லை. மனத்தை வரவழைத்தது போட்டியல்ல, உத்தரவு.

கோபுரத்துக்கு வருவோம். கைப்பேசி அலை மலையைத் துளைத்துக்கொண்டு போகாது. ஒரு மடிப்பு திரும்பினால் லைன் போய்விடும். அந்த மடிப்புக்கு ஒரு கோபுரம் வேண்டுமென்றால் பாதை வெட்ட வேண்டும், மின்சாரம் இழுக்க வேண்டும், கீழிருந்து இணைப்பு கொண்டுவர வேண்டும். இத்தனை செலவுக்கும் அங்கே இருப்பது சில லயங்கள், மாதம் சில வெள்ளிக்கு டாப் அப் போடும் குடும்பங்கள். எந்தக் கம்பெனியின் கணக்கர் இதற்குக் கையெழுத்துப் போடுவார்? 1998ஆம் ஆண்டுத் தொடர்பு பல்லூடகச் சட்டம் இதற்காகவே ஒரு நிதியை வைத்திருக்கிறது. உரிமம் பெற்ற பெரிய கம்பெனிகள் விதிப்படி கணக்கிட்ட நிகர வருமானத்தில் 6 விழுக்காட்டை அதில் கட்டியாக வேண்டும். லாபம் வராத உட்புற ஊர்களுக்கு அந்தப் பணத்தில்தான் கோபுரம் போகிறது. "கையை எடு" என்கிறவர்கள் அந்த 6 விழுக்காட்டையும் எடுக்கச் சொல்கிறார்கள். எடுத்தால் யாருடைய பிள்ளைக்கு லைன் இருக்காது? ஈப்போக்காரர் பிள்ளைக்கா? 2020இல் சபாவில் ஒரு மாணவி தேர்வு எழுத மரத்தில் ஏறி உட்கார்ந்ததை நாடே பார்த்தது. அந்த மரத்தடிக்குப் போட்டி வந்து சேரவில்லை.

போட்டி, போட்டி என்கிறார்களே, அது தானாக நிலைக்குமா? செல்கோமும் டிஜியும் 2022 நவம்பரில் ஒரே கம்பெனி ஆகிவிட்டன. அலைவரிசையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடு என்று சொல்ல ஆணையம் இல்லாமல் போயிருந்தால் அதுவும் அவர்கள் கையிலேயே இருந்திருக்கும். எண்ணை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் வசதிகூட 2008இல் ஆணையம் கட்டாயமாக்கியதால் வந்ததுதான். விலைக்கு 2018 எப்படியோ, எண்ணுக்கு 2008 அப்படி.

தோட்டத்து மக்கள் இந்தக் கதையை நம்புவதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. நமக்கு எது தானாக வந்தது? தொழிலாளர் குடியிருப்பு வசதி பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம் வந்துதான் குடியிருப்புக்குக் குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் முதலாளியின் கடமை ஆயின. மாதம் 900 வெள்ளி என்ற குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் அரசு ஆணையால் வந்தது. கொழுந்து விலை ஏறியதால் வரவில்லை. இன்றும் "தோட்டம் தனியார் நிலம்" என்ற ஒரே வாக்கியத்தைச் சொல்லி, கம்போங்குக்குப் போகும் சாலையும் விளக்கும் லயத்து வாசலுக்கு வராமல் தடுக்கப்படுகின்றன.

"அரசாங்கத்திடம் அதிகாரம் கொடுத்தால் வாயைக் கட்டும்" என்பது அடுத்த பயமுறுத்தல். 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் 233ஆவது பிரிவு குடிமக்களின் பேச்சுமேல் பாய்வதை நானும் எதிர்க்கிறேன். ஒருவன் எழுதியதற்கு அவனை ஸ்டேஷனுக்கு இழுப்பது வேறு, ஒரு கம்பெனியின் வாடகைக்கு வரம்பு வைப்பது வேறு. முதலாவதைக் காட்டி இரண்டாவதையும் ஒழிக்கப் பார்ப்பது மோசடி. எளியவனிடம் காட்டும் வேகத்தை ஆணையம் கம்பெனிகளிடம் காட்டட்டும் என்பதுதான் நம் கோரிக்கையாக இருக்க வேண்டும்.

ஆகவே, தலையாட்டுவதை நிறுத்துங்கள். பட்டணத்துக் கடைத்தெருவில் அளந்த வேகத்தை வைத்துக் கேமரன் மலை முழுவதுக்கும் லைன் இருக்கிறது என்று வரைபடம் போடுவதை ஏற்காதீர்கள். லயத்து வாசலில் அளக்கச் சொல்லுங்கள். அளந்தும் லைன் இல்லையென்றால் அபராதம் போடச் சொல்லுங்கள். தோட்ட நிலத்தில் கோபுரம் வைக்க நிர்வாகம் மறுத்தால் அதற்கும் விதி செய்யச் சொல்லுங்கள். 2018இல் உத்தரவு போட்ட அதே ஆணையம் இன்றும் இருக்கிறது. எழுத்துமூலம் கேட்போம், பதில் வரும்வரை கேட்போம்.