கணினியிலும் ஹலால் பேணுவோம்



உணவிலும் வியாபாரத்திலும் ஹலால் பேணும் நாம், வீட்டுக் கணினியிலுள்ள மென்பொருள் எவ்வழியில் வந்தது என்று கேட்கிறோமா? குமாரபாளையத்தில் விசைத்தறிக் கணக்கு, பிள்ளைகளின் பள்ளி வேலை, ஜமாஅத் அறிவிப்பு, மத்ரஸா வினாத்தாள் எல்லாம் இன்று கணினியில்தான் தயாராகின்றன. அதற்கான விண்டோஸும் ஆபீஸும் பல இடங்களில் உரிமம் பெறாத நகல்களே.

“பெரிய நிறுவனம்தானே, அதற்கென்ன நட்டம்?” என்பர் சிலர். பொருளுக்குரியவர் செல்வந்தர் என்பதால் அவருடைய ஹக்கு நமக்கு ஆகுமாகிவிடாது. நூலுரிமை, கண்டுபிடிப்புரிமை போன்றவை மார்க்கம் பாதுகாக்கும் உரிமைகள். அவற்றில் அத்துமீறக் கூடாது என 1988-ல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்துள்ளது.

வசதியற்றவர் என்ன செய்வது? வழி திறந்தே இருக்கிறது. லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்ற இயங்குதளங்களையும், 2010-ல் தொடங்கிய லிப்ரேஆபீஸையும் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். பிறருக்கும் நகலெடுத்துக் கொடுக்கலாம். உருவாக்கியவர்களே அதற்கு அனுமதி அளித்துள்ளனர். கடிதம், கணக்கு அட்டவணை, பிடிஎஃப் யாவும் அதில் தயாரிக்கலாம். தமிழோடு அரபியும் உருதும் எழுதலாம். கேரள அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் லினக்ஸிலேயே கணினி பயில்கின்றனர். 2011 முதல் தமிழக அரசு வழங்கிய இலவச மடிக்கணினிகள் பலவற்றிலும் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸ் இருந்தது. அதைத் திறந்து பார்த்தோர் எத்தனை பேர்?

சிரமமே இராது என்று கூறமாட்டோம். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகளை யூனிகோடுக்கு மாற்ற நேரிடலாம். வேர்டு கோப்பின் பக்க அமைப்பு சில வேளை கலையும். பழைய பிரிண்டர் முரண்டு பிடிக்கக்கூடும். டேலி விண்டோஸுக்கென்றே செய்யப்பட்டது. ஜிஎஸ்டி கணக்கை அதில் வைப்போர், அந்த ஒரு கணினிக்கேனும் முறையாக உரிமம் வாங்குவதே கடமை.

மற்றவர்கள் படிப்படியாக மாறலாம். முதலில் லிப்ரேஆபீஸை மட்டும் நிறுவிக் கை பழகட்டும். பின்னர் பென்டிரைவிலிருந்து லினக்ஸை இயக்கி, பிரிண்டரும் வைஃபையும் வேலை செய்கின்றனவா என்று பார்க்கட்டும். கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்து வைத்தபின் கணினியில் நிறுவட்டும்.

அமானிதம் என்றால் என்ன என்று பிள்ளைகளிடம் கேட்கும் வினாத்தாள், திருட்டு மென்பொருளில் தயாராகலாமா? மஹல்லா நிர்வாகிகள் மத்ரஸாக் கணினியிலிருந்தே இதைத் தொடங்கட்டும். பிள்ளைகள் அதைப் பார்த்துக் கற்பார்கள், இன்ஷா அல்லாஹ்.

பிறர் ஹக்கைப் பேணி வாழ அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.