பழைய காருக்குப் புது என்ஜினா?

பழைய அம்பாசடர் கார் வைத்திருக்கிறீர்களா? என்ஜின் தேய்ந்துவிட்டதா? கொஞ்சம் பொறுங்கள்!

"பெரிய என்ஜின் போடுங்கள். கார் பறக்கும்" என்பார்கள். பறக்கும். ஆனால், நிற்குமா? பழைய பிரேக் பழைய வேகத்துக்கு ஏற்றதுதானே!

அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. ஆகவே, 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின் கார் என்றால், அதையே ரீபோர் செய்து, புது பிஸ்டன் போட முடியுமா என்று முதலில் மெக்கானிக்கிடம் கேளுங்கள். முடியாவிட்டால், அதே வகை என்ஜினைத் தேடுங்கள். என்ஜின் மாறினால் ஆர்.சி. புத்தகத்தில் புது எண்ணைப் பதிய வேண்டும். மறக்காதீர்கள்!

என்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்பில்தான் ஆபத்து அதிகம். கார்புரேட்டருக்குச் சதுர அங்குலத்துக்கு 3, 4 பவுண்டு அழுத்தம் போதும். இன்ஜெக்ஷன் காரின் பம்போ 40 பவுண்டு அளவுக்குத் தள்ளும். அதை இதில் மாட்டினால் கார்புரேட்டர் நிரம்பி வழியும். சூடான என்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் தீதான்!

இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். அது பழைய ரப்பரைக் கெடுக்கும். எத்தனாலைத் தாங்கும் டயாபிரமும் குழாயும் கேட்டு வாங்குங்கள்.

மலிவாகக் கிடைத்தது என்று எதையோ மாட்டாதீர்கள். காரில் போவது உங்கள் பிள்ளைகள் அல்லவா?