சீட்டுக் காசும் பழைய திரையும்



திருகோணமலைத் துறைமுகப் பக்கத்து அக்கா ஒருவர், தையலில் சேர்த்த சீட்டுக் காசில் பாவித்த பிளாஸ்மா ரிவி வாங்கலாமா என்று கேட்டார். பானசோனிக், சாம்சுங், எல்.ஜி. கம்பனிகள் 2014ஆம் ஆண்டு முடிவதற்குள் பிளாஸ்மா செய்வதை நிறுத்திவிட்டன. இப்போது கிடைப்பவை பெரும்பாலும் பழையவையே.

ஓர் அலைவரிசையின் சின்னம் நெடுநாள் ஒரே மூலையில் நின்றால், அங்கே ஒளிதரும் பொஸ்பர் பூச்சு சமனில்லாமல் தேய்ந்து, நிழல் போலத் தழும்பு விழும். அதைத் திருத்த முடியாது.

காசு கொடுக்க முன், திரை முழுதும் வெள்ளையாகத் தெரியும் படமொன்றைப் போடச் சொல்லி, மூலைகளைப் பாருங்கள். நிழல் தெரிந்தால், அரை மணி நேரம் வேறு நிகழ்ச்சி ஓடவிட்டுத் திரும்பப் பாருங்கள். மறையாவிட்டால் வாங்க வேண்டாம்.

அந்த அக்காவும் அப்படித்தான் பார்த்தார், நிழல் போகவில்லை, காசோடு வீடு திரும்பினார். கேட்கக் கூச்சப்படாதீர்கள். அது உங்கள் உழைப்பு.