அடிக்கலையே, அப்புறம் என்ன?

"அவன் கொஞ்சம் பொசசிவ்ப்பா... மத்தபடி தங்கமான பையன்."

எந்தக் கல்லூரி கேன்டீனிலும் வாரத்துக்கு ஒரு தடவையாவது காதில் விழுகிற வசனம் இது. சொல்பவர் முகத்தில் ஒரு சின்னப் பெருமை கூட இருக்கும். கேட்கிறவர்களும் "அவ்ளோ லவ்வு!" என்று டீயை உறிஞ்சிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். அந்தத் தங்கமான பையன் நாளைக்கு முப்பது தடவை போன் போட்டு எங்கே இருக்கிறாய் என்று கேட்பது, வாட்ஸப்பில் லாஸ்ட் சீன் பார்த்து விசாரணைக் கமிஷன் வைப்பது, பாஸ்வேர்டு கேட்பது, யாரிடம் நோட்ஸ் வாங்கலாம் யாரிடம் கூடாது என்று பட்டியல் போட்டுக் கொடுப்பது, எல்லாமே அந்த ஒரே வார்த்தைக்குள் அடங்கிவிடும். வேவு பார்ப்பதற்கு இவ்வளவு செல்லமான பெயர் வேறெங்கும் கிடையாது. சிபிஐயே பொறாமைப்படும் :-)

யாராவது கொஞ்சம் கவலைப்பட்டுக் கேட்டால் அடுத்த கேள்வி ரெடியாக இருக்கும். "அடிச்சானா? இல்லையே. அப்புறம் என்ன?"

அப்புறம் என்னவா? குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 முதல் அமலில் இருக்கிறது. அதன் 3-வது பிரிவு உடல்ரீதியான வன்முறையோடு நிற்கவில்லை. வார்த்தையாலும் மனரீதியாகவும் செய்யும் கொடுமை, பொருளாதாரக் கொடுமை (சம்பளம் இவளுடையது, ஏடிஎம் கார்டு அவன் பர்ஸில்!) இவையும் வன்முறைதான் என்று எழுதியே வைத்திருக்கிறது. இங்கிலாந்தில் இன்னும் ஒரு படி மேலே போய், 2015-ல் வந்த சட்டத்தில், துணையைத் தொடர்ந்து மிரட்டிக் கட்டுப்படுத்துவதற்கு 5 ஆண்டு வரை சிறை என்று வைத்தார்கள். நம் சட்டம் ஒரே வீட்டில் வாழ்கிற, வாழ்ந்த உறவுகளுக்குத்தான். ஹாஸ்டல் காதலுக்குப் பொருந்தாது. ஆனால் செய்கிற காரியம் என்னவோ இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

அந்தக் காரியம் எப்படி நடக்கிறது? 'கேஸ்லைட்' என்று 1944-ல் வந்த ஹாலிவுட் படம். இங்க்ரிட் பெர்க்மனுக்கு ஆஸ்கர் வாங்கிக் கொடுத்தது. கணவன் பொருட்களை ஒளித்து வைத்துவிட்டு "நீதான் தொலைச்சே, உனக்கு ஞாபகமே இருக்கறதில்லை" என்பான். ராத்திரியில் அவன் மாடியில் திருட்டுத்தனமாக நகைகளைத் தேடும்போது, அங்கே கேஸ் விளக்கு ஏற்றுவதால் கீழே அவள் அறை விளக்கு மங்கும். அதையும் அவள் பிரமை என்றே நம்ப வைத்துவிடுவான். அந்தப் படத்துக்கு மூலம் பேட்ரிக் ஹாமில்டனின் 1938 நாடகம். 'கேஸ்லைட்டிங்' என்ற சொல்லே அங்கிருந்து வந்ததுதான்.

நம்மூர் வீடுகளில் கேஸ் விளக்கு இல்லை, வசனம் மட்டும் அப்படியே இருக்கிறது. "நான் எப்போ அப்படிச் சொன்னேன்? நீயா கற்பனை பண்ணிக்காதே." நாலு பேர் முன்னால் குத்திவிட்டு "ஜோக்குடி, உனக்கு சென்ஸ் ஆஃப் ஹியூமரே இல்லை." மன்னிப்பு என்ற பெயரில் "உனக்கு அப்படித் தோணியிருந்தா சாரி." (தப்பு அவன் செய்ததில் இல்லையாம், இவளுக்குத் தோன்றியதில் இருக்கிறதாம்!) நாலு நாள் பேசாமல் இருந்து, எதற்கென்றே தெரியாத தப்புக்கு அவளைக் கெஞ்ச வைப்பது இன்னொரு வகை.

இருப்பதிலேயே மோசம் அந்தக் கணக்குப் புத்தகம். "உனக்காக நான் என்னெல்லாம் விட்டுக் கொடுத்தேன் தெரியுமா?" பி.காம் முதல் வருஷத்திலேயே சொல்லித் தருவார்கள், ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு என்று. இந்தப் பேரேட்டில் அவள் பெயரில் பற்று மட்டுமே ஏறும். அவள் செய்தது எதுவும் வரவில் வராது. எத்தனை கட்டினாலும் பாக்கி குறையாது, கணக்கை முடிக்கவும் விடமாட்டார்கள். முடிக்கப் போனால் "நீ போனா நான் செத்துடுவேன்." அப்படிச் சொல்பவரின் உயிருக்கு நிஜமாகவே ஆபத்து இருக்கலாம், அலட்சியம் கூடாது. அவர் வீட்டுக்குத் தெரியப்படுத்த வேண்டும், 14416 என்ற டெலிமானஸ் எண்ணைக் கொடுக்க வேண்டும். அதற்காக இன்னொருவர் காலம் முழுக்கப் பிணையாக இருக்க வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

"இப்பல்லாம் சின்ன சண்டைக்கே கேஸ்லைட்டிங்னு கிளம்பிடறாங்க" என்று ஒரு கோஷ்டி. அதிலும் உண்மை இல்லாமல் இல்லை. போன வாரம் சொன்னதை ஒருவன் நிஜமாகவே மறந்திருக்கலாம், கோபத்தில் ஒரு வார்த்தை தடித்திருக்கலாம். வித்தியாசம் தெரிய ஒரு முறை கேட்ட வசனம் போதாது, அடுத்த பத்து முறை என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். முடியாது என்று சொல்ல அவளால் முடிகிறதா? சினிமாவுக்குப் போகிறேன் என்ற சாதாரண விஷயத்தைச் சொல்லக் கூட மனசுக்குள் நாலு தடவை ஒத்திகை பார்க்கிறாளா? அவளுக்குப் போட்ட சட்டம் அவனுக்கும் உண்டா? இதில் 'அவன்', 'அவள்' இடம் மாறியும் வரும். அப்படிச் சிக்கிய பையன்களைப் பார்த்துச் சிரிக்கிற கூட்டத்துக்கு இந்த வரியையும் சேர்த்தே படிக்கலாம்.

இதில் பாதிப் பாவம் அந்தக் கேன்டீன் மேஜைக்குத்தான். "உன்மேல அக்கறையாலதானே", "நீதான் அட்ஜஸ்ட் பண்ணிப் போகணும்" என்று ஆளாளுக்கு அவன் தரப்பு வக்கீலாக ஆஜராகிறார்கள், அதுவும் ஃபீஸ் வாங்காமல்! படத்தில் அந்தப் பெண் மீள்வது எப்போது தெரியுமா? வெளியாள் ஒருவர், ஒரு போலீஸ் அதிகாரி, அவள் அறைக்குள் வந்து விளக்கு மங்குவதைத் தானும் பார்க்கிறார். தன் புத்தி பேதலிக்கவில்லை என்று அவளுக்கு அப்போதுதான் நிச்சயமாகிறது.

தோழிகள் செய்ய வேண்டியதும் அவ்வளவுதான். உடனே "அவனை விட்டுட்டு வா" என்று அதட்டினால், அவள் அவனுக்காக வாதாட ஆரம்பித்து இவர்களிடம் பேசுவதையே நிறுத்திவிடுவாள். அவனுக்கும் அதுதானே வேண்டும்? "நேத்து அவன் அப்படிச் சொன்னதை நானும் கேட்டேன், நீ தப்பா ஞாபகம் வெச்சுக்கல" என்றாலே போதும். கல்யாணமான அக்காவாக இருந்தால் 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது, ராத்திரியிலும் எடுப்பார்கள். நடந்ததைத் தேதி போட்டு எழுதி வைக்கச் சொல்லலாம். அதை அவனுக்குப் பாஸ்வேர்டு தெரிந்த மெயிலில் மட்டும் வைக்க வேண்டாம்.