பேராசிரியரைப் பெயர் சொல்லி அழைத்தல்

பரிமாற்ற மாணவராகச் சுவீடன் செல்லும் இந்தியர் முதல் வாரத்திலேயே எதிர்கொள்ளும் திகைப்பு, பேராசிரியரைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டியிருப்பது. எவ்விளியும் இன்றியே பேசி ஒரு பருவத்தைக் கடத்திவிடுவோரும் உண்டு. ‘அவர்கள் பண்பாடு சமத்துவம் சார்ந்தது, நம்முடையது மரியாதை சார்ந்தது’ என்பதே இதற்கு நாம் வழக்கமாகத் தரும் விளக்கம். அது வரலாற்றோடு பொருந்தவில்லை.

சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் சுவீடியர்கள் மேல்நிலையில் இருப்போரை முன்னிலையில் சுட்டத் தயங்கினர். ‘நி’ என்னும் பன்மை முன்னிலைகூட மரியாதைக் குறைவாகக் கருதப்பட்டது. எனவே எதிரே அமர்ந்திருப்பவரிடமே ‘பேராசிரியருக்குக் காபி வேண்டுமா?’ என்று படர்க்கையில் வினவினர். நம் துறைகளில் ஒலிக்கும் ‘சாருக்குக் காபி வேண்டுமா?’ என்பதும் இதே உத்திதான். 1967இல் அரசு மருத்துவ வாரியத்தின் தலைவர் புரூர் ரெக்செட், ஊழியர் அனைவரையும் பெயர் சொல்லியே அழைக்கப்போவதாக அறிவித்தார். முன்பே தொடங்கியிருந்த மாற்றம் விரைவுபெற்றது; ‘டு’ என்னும் ஒருமை பொதுவழக்காயிற்று.

ஆக, விளிமுறை மாறக்கூடியது. ஆனால் விளி மாறுவதால் மட்டும் அதிகாரம் மறைந்துவிடுவதில்லை. மதிப்பெண் இடுபவர் அங்கும் பேராசிரியரே. நாம் கொண்டுவர வேண்டியது பெயர் சொல்லும் வழக்கத்தை அன்று. கருத்தரங்கில் நெறியாளரின் வாதத்தை மறுத்த மாணவர், மறுநாள் அஞ்சாமல் அவர் அறைக்குள் நுழையும் நிலையையே. ‘ஐயா’ என்று விளித்துக்கொண்டே அது இயல வேண்டும். இயலவில்லை என்றால், குறை அச்சொல்லில் இல்லை.